முதல் ஏடு

பழைய ஓலைச்சுவடிகளைக் கையாண்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சுவடியில் முதலில் கெடுவது முதல் ஏடும் கடைசி ஏடும்தான். கட்டின் வெளிப்புறத்தில் இருப்பவை அவை. கையின் வியர்வையும், பூச்சியின் பல்லும், அடுப்பங்கரைப் புகையும் முதலில் அவற்றின் மேல்தான் படும். பதிற்றுப்பத்து என்னும் சங்க நூலில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1904-ஆம் ஆண்டில் அந்நூலை அச்சிட்டபோது இடையிலுள்ள எண்பது பாட்டுக்களை வைத்துக்கொண்டுதான் அச்சிட்டார். தலைப்பக்கம் இல்லையே என்று அவர் சுவடியை ஆற்றில் விட்டுவிடவில்லை. அப்படி விட்டவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். பழுதான ஏடுகளை நெருப்பிலிட்டதையும், ஆடிப் பெருக்கில் வெள்ளத்தோடு அனுப்பியதையும் கேட்டு ஐயரவர்கள் எவ்வளவு வேதனைப்பட்டார் என்பதை அவருடைய சரித்திரத்தில் காணலாம்.

ஆனால் நான் இப்போது எழுத உட்கார்ந்தது ஓலையைப் பற்றி அல்ல, கம்ப்யூட்டரைப் பற்றி. அதுவும், இன்றைக்கு அநேகமாக மறைந்துபோய்விட்ட ஒரு வியாதியைப் பற்றி. அந்த வியாதிக்கு பூட் செக்டர் வைரஸ் என்று பெயர். ஓலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்த வியாதி பிடித்ததும் கம்ப்யூட்டரின் முதல் ஏட்டைத்தான்.

கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்தியவுடன் அது தன்னை யார் என்றே அறியாத நிலையில் கண் விழிக்கிறது. காலையில் எழுந்ததும் தன் வீடு எது, வேலை எது என்று ஒரு சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தச் சீட்டுத்தான் டிஸ்க்கின் முதல் செக்டர். அதில் கொள்ளக்கூடியது 512 எழுத்துக்கள். ஒரு தபால் கார்டுக்குச் சற்று அதிகம். ஹார்ட் டிஸ்க்கிலே அந்த 512-இல் முதல் 446 எழுத்துக்கள், இயந்திரம் அடுத்துச் செய்யவேண்டியதைச் சொல்லும் கட்டளைகள். அடுத்த 64 எழுத்துக்கள், டிஸ்க்கில் எந்தப் பாகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் நான்கு வரிப் பட்டியல். கடைசி இரண்டும் முத்திரை. கிராமத்துக் கணக்குப்பிள்ளையிடம் இருந்த நிலப் பதிவேட்டுக்கு ஒப்பானது அந்தப் பட்டியல். பதிவேடு கெட்டுப்போனால் நிலம் எங்கும் ஓடிவிடாது. யாருடைய நிலம் எது என்று சொல்ல ஆளில்லாமல் போகும், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

அந்நாளைய கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கைப் பார்ப்பதற்கு முன்னால், ப்ளாப்பி வைக்கும் துவாரத்தில் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். இருந்தால், அதன் முதல் ஏட்டிலுள்ளதை, 'நீ யார்?' என்று கூடக் கேட்காமல் அப்படியே நம்பி நடக்கும். முந்தின நாள் மாலையில் யாரோ மறந்துவிட்டுப் போன ப்ளாப்பி ஒன்று உள்ளே இருந்தால் போதும். 'இது துவக்கத்துக்கு உரிய டிஸ்க் அல்ல, மாற்றி வை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் தோன்றும். மனிதர் சிரித்துக்கொண்டே அதை வெளியே எடுத்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டுவார். அதற்குள் வந்தவன் வந்து உட்கார்ந்தாயிற்று. அந்த ஒரு கணம் போதும் அவனுக்கு.

இந்த வித்தை நம் அண்டை நாட்டில்தான் பெரிய அளவில் தொடங்கிற்று. 1986-ஆம் ஆண்டில் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள் 'பிரெயின்' என்னும் வைரஸை எழுதினார்கள். ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் என்று சரித்திரக்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்காமல் தடுக்கவே அதைச் செய்ததாக அவர்கள் விளக்கம் கூறினார்கள். வேடிக்கை என்னவென்றால், வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி, தடுப்பூசிக்குத் தங்களை அணுகும்படியும் சொல்லியிருந்தார்கள். திருடன் வீட்டுச் சுவரில் விசிட்டிங் கார்டு ஒட்டிவிட்டுப் போன மாதிரி! அந்தக் கார்டு கடல் கடந்து அமெரிக்கக் கல்லூரிகள் வரைக்கும் போயிற்று. 2011-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு நிபுணர் மிக்கோ ஹிப்போனன் அதே விலாசத்தைத் தேடிக்கொண்டு லாகூருக்குப் போனார். சகோதரர்கள் அங்கேயே தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள்!

பிரெயின் பிடித்தது ப்ளாப்பிகளை மட்டும்; ஹார்ட் டிஸ்க்கை அது தொடவில்லை. அடுத்து வந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 1987-இல் நியூஸிலாந்தின் வெல்லிங்டன் நகரத்தில் 'ஸ்டோன்ட்' பிறந்தது. 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் இந்தியாவிலேயே ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு 'ஜோஷி' என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 5-ஆம் தேதி வந்தால் அது இயந்திரத்தை நிறுத்திவைத்துவிட்டு, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதும்படி கேட்கும். வாழ்த்தை ஆங்கிலத்தில் ஒழுங்காகத் தட்டினால் வழி விட்டுவிடும். அந்த ஜோஷி யாராயினும், முன்பின் அறியாத ஆயிரக்கணக்கான பேரிடமிருந்து வாழ்த்து வாங்கிக்கொண்ட பாக்கியசாலி! ஆனால் வேடிக்கைக்கு உள்ளே கெட்டிக்காரத்தனம் இருந்தது. இயந்திரத்தை அணைக்காமல் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி மறுபடி துவக்குவார்களே, அதற்கு ஜோஷி அசையாது. தூங்குகிறவன்மேல் தண்ணீர் தெளிப்பது போன்றது அது. உள்ளே இருப்பவன் போகமாட்டான். மின்சாரத்தை அடியோடு நிறுத்தி, சற்றுப் பொறுத்து, சுத்தமான ப்ளாப்பியை வைத்துத் துவக்கினால்தான் அவன் இல்லாத கம்ப்யூட்டரைப் பார்க்க முடியும்.

இவர்கள் எல்லோரும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் எப்படி வந்து சேர்ந்தார்கள்? பஸ்ஸில்தான்.

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இன்றைய வைரஸ் ஒரு நொடியில் உலகைச் சுற்றுகிறது. அன்றைய வைரஸின் வேகம் மனிதனின் வேகம். சட்டைப் பையில், நோட்டுப் புத்தகத்தின் நடுவில், டிபன் பாக்ஸுக்கு அடியில் ப்ளாப்பி பிரயாணம் செய்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விக்கிரவாண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு, கூட்டேரிப்பட்டில் ஆள் இறக்கிவிட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பஸ் போய்ச் சேரும். வைரஸும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது, டிக்கெட் வாங்காமல்.

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆயிற்று. ஏற்கெனவே ரயில் ஜங்ஷன்; சென்னை, திருச்சி, புதுச்சேரி, காட்பாடி என்று நாலு திசையும் பிரிகிற இடம். இப்போது கலெக்டர் காரியாலயமும் வந்தது. மனு எழுதுகிறவர், டைப் அடிக்கிறவர், ஜெராக்ஸ் எடுக்கிறவர் எல்லோருக்கும் பிழைப்பு உண்டாயிற்று. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளின் பெயர்ப் பலகையில் 'கம்ப்யூட்டர்' என்ற வார்த்தை ஒன்று கூடுதலாக ஏறிற்று. புளியங்காடாக இருந்து பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் திண்டிவனமும் பின்தங்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்கள் ஈய எழுத்துக்களை மூலையில் கொட்டிவிட்டு 'டி.டி.பி.' கடை வைத்தார்கள். காசு கொடுத்து மென்பொருள் வாங்கியவர் எத்தனை பேர் என்று கேட்கக்கூடாது. ஒருவரிடம் இருந்தது எல்லோரிடமும் இருந்தது. பிரதி எடுப்பதைத் தடுக்க லாகூரில் எழுதியதாகச் சொன்ன வித்தையின் வாரிசுகள், பிரதி எடுக்கும் வழக்கத்தின் முதுகில் ஏறியே நம் ஊருக்கு வந்தன. விதியின் விளையாட்டு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த நாளில் ரயில்வே காலனி ஒன்றைக் களமாக வைத்து நாவல் எழுதும் உத்தேசத்தில் நான் அடிக்கடி விழுப்புரம் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே எனக்கு ஒரு நண்பர் கிடைத்தார். ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்; கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே எட்டடிக்கு ஆறடி கடை. அவரிடம் நான் கேட்ட இரண்டு கதைகளைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

முதல் கதை திண்டிவனத்தில் நடந்தது. அங்கே ஒரு தமிழாசிரியர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயர்கள், ஏரிகள், குலதெய்வக் கோயில்கள், கிராமத்துப் பெரியவர்கள் சொன்ன கதைகள் எல்லாவற்றையும் பல ஆண்டுகள் சைக்கிளில் சுற்றித் திரிந்து சேகரித்து வைத்திருந்தார். புத்தகமாக்க ஆசை. ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்தார். எட்டு மாதம், கல்யாண மாதங்களின் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக, முந்நூறு பக்கம் தட்டி முடித்தார்கள். தட்டி முடிந்த கையெழுத்துத் தாள்களை யாரும் பத்திரப்படுத்தவில்லை. அவற்றின் பின்பக்கத்தில் கடைப் பையன்கள் கணக்குப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரைத் துவக்கினார்கள். முந்தின நாள் ப்ளாப்பி ஒன்று உள்ளேயே இருந்துவிட்டது. திரையில், 'உங்கள் கம்ப்யூட்டர் ஸ்டோன்ட் ஆகிவிட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கஞ்சா மயக்கத்தில் கிடக்கிறது என்பது அந்த வார்த்தையின் கொச்சைப் பொருள். கடைக்காரர் அந்தப் பொருளை எங்கே கண்டார்? ஸ்டோன் என்றால் கல். அகலிகையைப் போலக் கம்ப்யூட்டர் கல்லாகிவிட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார். உடனே ஒரு மெக்கானிக்குக்கு ஆள் போயிற்று. அவர் வந்தார். 'வைரஸ்!' என்றார். அந்த வார்த்தைக்கு அன்று இருந்த பயங்கரம் காலரா என்ற வார்த்தைக்கு நம் பாட்டனார் காலத்தில் இருந்த பயங்கரம். வைரஸுக்கு மருந்து பார்மட் என்பது எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம். பார்மட் செய்தார். அதன் மேலேயே டாஸ், விண்டோஸ், பேஜ்மேக்கர் எல்லாம் புதிதாக ஏற்றினார். ஆசிரியரின் புத்தகம் பிரதியாக இருந்த ஒரே ப்ளாப்பியையும், அதிலும் தொற்று இருக்குமே என்று, பார்மட் செய்துவிட்டார். சுத்தமாயிற்று என்று கூலி வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து அதே வரி திரையில் மறுபடியும் வந்தது.

கடைக்காரர் பெட்டியைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்தார். என் நண்பர் பார்த்தார். வைரஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏனென்றால் டாஸின் பார்மட் கட்டளை, டிஸ்க்கிலுள்ள பாகத்தைத்தான் துடைக்கும். பாகங்களுக்கெல்லாம் வெளியே, எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிற அந்த முதல் ஏட்டை அது தொடவே தொடாது. வாசற்படியில் படுத்திருந்த பாம்பை அடிப்பதற்காக வீட்டுக்குள்ளிருந்த சாமான்களையெல்லாம் கொளுத்திவிட்டார்கள். பாம்பு படியிலேயே படுத்திருந்தது.

“சார், வைரஸ் அந்தப் புஸ்தகத்துல ஒரு எழுத்தைக்கூடத் தொடல சார். நாமதான் தொட்டோம்” என்றார் என் நண்பர்.

பார்மட் செய்ததோடு நின்றிருந்தால்கூடப் பெரும்பகுதியை மீட்டிருக்கலாமாம். பார்மட் என்பது பொருளடக்கத்தைக் கிழிப்பதே தவிர, பக்கங்களைக் கிழிப்பதல்ல. மேலே புதிதாக எழுதும்போதுதான் பழைய எழுத்து போகிறது. அங்கே விண்டோஸும் பேஜ்மேக்கரும் ஏறி உட்கார்ந்துவிட்டன. நண்பர் இரண்டு இரவு விழித்து, செக்டர் செக்டராகத் தேடி, துண்டு துண்டாக நாற்பது பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக் கொடுத்தார். ஆசிரியர் அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். அவர் மறுபடி சைக்கிளை எடுக்கவில்லை. கதை சொன்ன பெரியவர்களில் பலர் அதற்குள் போய்விட்டிருந்தார்கள்.

இரண்டாவது கதை விழுப்புரத்திலேயே நடந்தது. ஒரு நெல் மண்டியின் கணக்கு. மார்ச் மாதக் கடைசி. அதே வைரஸ், அதே வரி. மண்டி முதலாளி பார்மட் செய்ய ஆள் கூப்பிட்டுவிட்டார். நல்ல வேளையாக அவருடைய மருமகப்பிள்ளை என் நண்பரையும் கூப்பிட்டார். நண்பர் முதலில் செய்த காரியம், யாரையும் பெட்டியைத் தொடவிடாமல் மின்சாரத்தை நிறுத்தியது. பிறகு தன் பையிலிருந்து, எழுத முடியாதபடி தாழிட்ட ஒரு சுத்தமான ப்ளாப்பியை எடுத்து வைத்துத் துவக்கினார். டிஸ்க்கின் முதல் செக்டரைத் திறந்து பார்த்தார், வைரஸ் இருந்தது. ஏழாவது செக்டரைத் திறந்தார். அங்கே பழைய முதல் ஏடு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது!

இதற்குக் காரணம் கருணை அல்ல. வைரஸ் முதல் ஏட்டில் தான் உட்கார்ந்துகொண்ட பிறகும் கம்ப்யூட்டர் வழக்கம்போல் துவங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும், பரவவும் முடியாது. ஆகவே பழைய ஏட்டை ஸ்டோன்ட் அழிப்பதில்லை. அதே தடத்தில் பயன்படாமல் கிடக்கும் ஏழாவது செக்டருக்கு அதைக் குடியேற்றிவிட்டு, தன் வேலை முடிந்ததும் அதைக் கூப்பிட்டு மேற்கொண்டு நடத்தச் சொல்கிறது. திருட்டுப் பொருளைத் திருடனே வீட்டின் ஏழாம் அறையில் பத்திரமாக வைத்திருந்தான். நண்பர் ஏழை எடுத்து ஒன்றின்மேல் எழுதினார். கால்மணி நேரம். மண்டிக் கணக்கு ஓர் அணாகூடப் பிசகாமல் இருந்தது.

ஒரே வியாதி, ஒரே மாவட்டம், நாற்பது கிலோமீட்டர் தூரம். ஒன்றில் எல்லாம் போயிற்று. மற்றொன்றில் எதுவும் போகவில்லை. இடையில் இருந்தது பதற்றம் ஒன்றுதான்.

இது விழுப்புரத்து விவகாரம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். உலகம் முழுவதும் இதே கதை நடந்தது. 1991-இல் வந்த டாஸ் ஐந்தாம் பதிப்பில் 'எப்டிஸ்க்' என்ற கட்டளையோடு ஒரு வாலைச் சேர்த்துத் தட்டினால் முதல் ஏட்டின் கட்டளைப் பகுதியைப் புதிதாக எழுதிவிடும். கையேட்டில் இல்லாத இந்த மந்திரம் வாய்வழியாகவே பரவிற்று. ஸ்டோன்ட் போன்றவற்றுக்கு இது ராமபாணம். ஆனால் கனடா நாட்டில் தலைகாட்டிய 'மங்கி' என்ற குரங்கு வைரஸ், பழைய ஏட்டைப் புரியாத எழுத்தாக மாற்றி வேறிடத்தில் ஒளித்துவைத்தது. அது இருக்கும்வரையில் டிஸ்க் ஒழுங்காகத் தெரியும். மந்திரத்தைச் சொல்லிக் குரங்கை விரட்டினால், பாகங்களின் பட்டியலும் அதோடு போய்விடும். 1994-இல் வந்த 'ஒன் ஹாப்' இன்னும் பொல்லாதது. ஒவ்வொரு தடவை துவக்கும்போதும் டிஸ்க்கின் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டே வரும். கேட்கும்போது தானே திறந்தும் கொடுக்கும். வீட்டில் குடியிருப்பவன் ஒவ்வோர் அறையாகப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆத்திரப்பட்டு அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் சாவியும் அவனோடு போயிற்று! முதலில் சாவியை வாங்க வேண்டும். பிறகுதான் ஆளைத் தள்ள வேண்டும்.

உண்மையாகவே அழிக்கிறவர்களும் இருந்தார்கள்; இல்லையென்று சொல்லக்கூடாது. ஸ்டோன்டின் வம்சத்தில் வந்த 'மைக்கலாஞ்சலோ', அந்தச் சிற்பியின் பிறந்தநாளான மார்ச் 6-ஆம் தேதியன்று டிஸ்க்கின் முற்பகுதியைக் குப்பையால் நிரப்பிவிடும். 1992-ஆம் ஆண்டில் அந்த நாளுக்கு முன்னால் உலகம் நடுங்கிற்று. ஐம்பது லட்சம் கம்ப்யூட்டர்கள் வரை பாதிக்கப்படலாம் என்று பேச்சு. வந்து போனபின் எண்ணிப் பார்த்தால் பத்தாயிரம், இருபதாயிரம் என்ற கணக்கில் முடிந்தது. முன்கூட்டியே எச்சரித்ததால்தான் தப்பினோம் என்றார்கள் ஒரு சாரார். எச்சரிக்கையே வியாபாரம் என்றார்கள் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு.

அப்படியானால் காப்பாற்றிக்கொள்ள வழி என்ன? அந்நாளைய வழிகள் மிக எளியவை. பாட்டி வைத்தியம் போன்றவை. ப்ளாப்பியைத் தாழிட வேண்டும். பெரிய ஐந்தேகால் அங்குல ப்ளாப்பியின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதை வெள்ளிக் காகிதத்தால் மூடினால் எழுத முடியாது. பின்னால் வந்த மூன்றரை அங்குலச் சிறிய ப்ளாப்பியில் இது தலைகீழ். துளையைத் திறந்துவைத்தால்தான் எழுத முடியாது! பழைய நினைவில் புதியதை மூடிவைத்து ஏமாந்தவர்கள் உண்டு. அடுத்து, ப்ளாப்பியை முதலில் எட்டிப் பார்க்கும் பழக்கத்தை இயந்திரத்தின் அமைப்பிலேயே மாற்றி, ஹார்ட் டிஸ்க்கை முதலில் பார்க்கச் செய்வது. இந்த ஒரு மாற்றம் பெரும்பாலான வைரஸ்களை வாசலிலேயே நிறுத்திவிடும். ஒரு நிமிஷ வேலை, யாரும் செய்யவில்லை. மூன்றாவது, 'செக்டிஸ்க்' என்ற கட்டளை கொடுத்து நினைவகத்தின் அளவைப் பார்ப்பது. பெரும்பாலான இயந்திரங்களில் 655360 என்று வரவேண்டும். 653312 என்று வந்தால், இரண்டாயிரத்துச் சொச்சம் எழுத்துக்குரிய இடத்தில் யாரோ குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என் நண்பர் கடைக்கு வரும் எந்தப் பெட்டியிலும் முதலில் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்; வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி. நான்காவது, எல்லாவற்றுக்கும் மேலானது: கம்ப்யூட்டர் ஆரோக்கியமாக இருக்கும்போதே அதன் முதல் ஏட்டை ஒரு ப்ளாப்பியில் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது. டாஸ் ஐந்தாம் பதிப்பிலேயே பட்டியலைப் பிரதி எடுக்க 'மிரர்' என்ற வசதி இருந்தது. 512 எழுத்து, ஒரு ப்ளாப்பியில் ஒரு மூலைகூட நிரம்பாது. நண்பர் தம் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருடைய முதல் ஏட்டையும் பிரதி எடுத்து, பெயர் ஒட்டி, பழைய மிட்டாய்ப் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார். விழுப்புரத்துக் கம்ப்யூட்டர்களின் ஜாதகங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன.

இப்படிப்பட்ட கடைகளில்தான் பெரிய தொழில்களும் முளைத்தன. புனாவில் கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் காட்கரும் அவர் தம்பி சஞ்சயும் ஆரம்பித்த வைரஸ் ஒழிப்பு வேலை, குவிக் ஹீல் என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. நம் சென்னையிலும் அதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கே7 என்ற கம்பெனி பிறந்து, ஜப்பான் வரைக்கும் போய்ப் பெயர் வாங்கிற்று.

1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி நடந்ததையும் சொல்ல வேண்டும். தைவான் நாட்டு மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய 'சி.ஐ.எச்.' என்ற வைரஸ் அன்று வெடித்தது. இது பூட் செக்டர் ஜாதியல்ல. புரோகிராம்களில் ஒட்டிக்கொண்டு வருவது. ஆனால் வெடித்த நாளில் அது கைவைத்த இடம் அதே இடம்தான். டிஸ்க்கின் முதல் பத்து லட்சம் எழுத்துக்களை, முதல் ஏடு உள்பட, வெறும் பூஜ்யமாக்கிவிட்டது. கொரியாவும் துருக்கியும் இந்தியாவும் அடிபட்டன. டிஸ்க் செத்துவிட்டது என்று எத்தனையோ பேர் பார்மட் செய்தார்கள். அப்போது வங்கதேசத்தின் டாக்கா நகரத்தில் ஒரு மாணவர், முற்பகுதி போனாலும் பிற்பகுதி இருக்கிறதே, அதை வைத்து முற்பகுதியைக் கணக்கிட்டுத் திரும்ப எழுதலாமே என்று யோசித்து, ஒரு சிறு புரோகிராம் எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். வியாதி லாகூரில் தொடங்கிற்று; மருந்தில் ஒரு பங்கு டாக்காவிலிருந்து வந்தது. நடுவில் நாம்.

பிறகு ப்ளாப்பியின் காலம் முடிந்தது. அதோடு பூட் செக்டர் வைரஸின் பஸ் பிரயாணமும் முடிந்தது. புதிய கம்ப்யூட்டர்கள் முத்திரை சரிபார்க்காமல் எதையும் நம்பித் துவங்குவதில்லை. அதைவிட எனக்குப் பிடித்த மாறுதல் ஒன்று உண்டு. இக்காலத்து டிஸ்க்குகளில் பாகங்களின் பட்டியல் ஒரே இடத்தில் இல்லை. தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் அதன் பிரதி ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. என் நண்பரின் மிட்டாய்ப் பெட்டியை டிஸ்க்குக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்!

ஆயினும் முதல் ஏட்டின் மேல் உள்ள ஆசை திருடர்களுக்குப் போகவில்லை. 2017-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி 'நாட் பெட்யா' என்ற ஒன்று உலகக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் புகுந்து, பணம் கேட்கும் பாவனையில், அதே முதல் ஏட்டின் மேல் எழுதிற்று. பம்பாய்க்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையத்தின் வேலையே முடங்கிற்று. முப்பது வருஷத்தில் கப்பல் பெரிதாயிற்று. ஓட்டை விழும் இடம் மாறவில்லை.

சரித்திரத்தைப் படிக்கும்போது, அழித்தவன் யார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. படையெடுத்து வந்தவன், கொள்ளையடித்தவன், தீ வைத்தவன் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மனம் ஆறுகிறது. ஆனால் இழந்தவற்றின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் ஒரு பெரும்பகுதி நம் கையெழுத்திலேயே இருக்கிறது. பயத்தில் கொளுத்தியவை, அவசரத்தில் துடைத்தவை, 'இனி இது எதற்கு' என்று ஆற்றில் விட்டவை. திண்டிவனத்து ஏரிகளின் கதைகளை வெல்லிங்டன் நகரத்து வைரஸ் அழித்தது என்று நான் எழுதினால் அந்த வைரஸுக்கு அநியாயம் செய்தவனாவேன். அது தூக்கிக்கொண்டு போனது முதல் ஏடு ஒன்றைத்தான். அதையும் ஏழாம் அறையில் பத்திரமாக வைத்திருந்தது.

ஆகவே, இயந்திரம் ஏதாவது பயங்கரமாகச் சொன்னால், முதலில் கையை எடுங்கள். எடுத்த கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். விழுப்புரத்து நண்பர் தன் கடைச் சுவரில், சாமி படத்துக்குக் கீழே, சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தது இதுதான்: “பார்த்துட்டு அழி. அழிச்சுட்டுப் பார்க்காதே.”